கணக்குப் பார்த்த காந்தியவாதி ஜே. சி. குமரப்பா

விராலிமலை வாழ் மக்களுக்கு மதுரைச் சாலை புதியதன்று. ஆனால் மதுரையையும் தாண்டி, திருமங்கலத்திற்கு அப்பால், திருவில்லிபுத்தூர் செல்லும் வழியில் தே. கல்லுப்பட்டி என்றோர் ஊர் இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? லண்டனில் கணக்கியலும் நியூயார்க்கில் பொருளாதாரமும் கற்ற மாமேதை ஒருவர், தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளை அவ்வூரில் ஓர் ஆசிரமக் குடிலில் கழித்தார். அவர் பிறந்ததோ நமக்கு மறுபக்கத்து அண்டை ஊரான தஞ்சாவூரில். இரண்டுக்கும் இடைப்பட்ட நம் பகுதியில் அவர் பெயரைச் சொன்னால், சென்னையிலுள்ள ஏதோ ஒரு தெருவின் பெயரோ என்று கேட்பவரே மிகுதி. அவர்தாம் ஜே. சி. குமரப்பா.

இன்று எங்கு நோக்கினும் சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருள் என்ற பேச்சு. நம் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகை, 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கம் தொடங்கிற்று. உடனே கடைகளில் பச்சை இலைப் படம் போட்ட பொருள்களும் வரிசையாக வந்து நின்றன. இவற்றுள் எது மெய், எது பொய் என்று எப்படிக் கண்டறிவது? இந்தக் கேள்வியை 1930களிலேயே எழுப்பி, ஒரு கணக்கருக்கே உரிய பொறுமையோடு விடை தேடியவர் குமரப்பா. ஆகவே அவரது வரலாறு பள்ளி மாணவியர்க்கு மட்டுமன்றி, நாள்தோறும் கடைக்குச் சென்று வரும் பெற்றோர்க்கும் பயன்படும் என எண்ணி இங்கு எழுதப்படுகிறது.

1892ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் தஞ்சையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை சாலமன் துரைசாமி கொர்னேலியஸ் பொதுப்பணித் துறை அலுவலர். தாய் எஸ்தர் இராஜநாயகம் அம்மையார். பிள்ளைக்கு இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். குமரப்பா என்பது முன்னோர் வழி வந்த குடும்பப் பெயர். பிற்காலத்தில் அவரும் தம்பி பாரதனும் மேனாட்டுப் பெயரை விடுத்து அந்தப் பெயரையே மீண்டும் சூடிக்கொண்டனர்.

சென்னையில் கல்வி முடித்த இளைஞர் லண்டன் சென்று கணக்காயர் ஆனார். 1919இல் தாய்நாடு திரும்பிப் பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். வருவாய்க்குக் குறைவில்லை. மேனாட்டு உடை, மேனாட்டு உணவு, மேனாட்டுப் பழக்கங்கள். அப்போது அவரைப் பார்த்தவர் எவரும், இவர் பின்னாளில் செக்கு மாட்டைப் பற்றி நூல் எழுதுவார் என்று கனவிலும் எண்ணியிருக்கமாட்டார்.

1920களின் பிற்பகுதியில் அமெரிக்கா சென்று முதலில் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்திலும், பிறகு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் பயின்றார். அங்கே ஒரு தேவாலயத்தில், இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்பது பற்றி அவர் ஆற்றிய உரை நாளிதழில் செய்தியாக வெளிவந்தது. அதைப் படித்த அவருடைய பேராசிரியர் செலிக்மன், இதையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு பணித்தார். அரசாங்கத்தின் வரவு செலவு ஏடுகளை வரிவரியாகப் புரட்டிய குமரப்பாவுக்கு ஓர் உண்மை தெளிவாயிற்று. இந்தியாவின் வறுமை தலைவிதியன்று. வசூலிக்கும் வரி எங்கே போகிறது என்று பார்த்தால் போதும், காரணம் விளங்கிவிடும். கணக்குப் புத்தகத்தின் வழியாகத் தேசபக்தரானவர் இவர் ஒருவராகத்தான் இருக்க முடியும்.

அந்த ஆராய்ச்சிக் கட்டுரையைக் காட்டுவதற்காக 1929 மே 9ஆம் நாள் சபர்மதி ஆசிரமத்திற்குச் சென்றார். குறித்த நேரத்திற்கு முன்பே வந்துவிட்டதால் ஆற்றங்கரைப் பக்கம் உலாவினார். ஒரு மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்த முதியவர் ஒருவரைக் கண்டு வேடிக்கை பார்த்து நின்றார். சற்று நேரம் சென்றபின் அம்முதியவர், வந்திருப்பது குமரப்பாதானா என்று வினவவே, இவர்தாம் காந்தியடிகள் என்று புரிந்தது. மேனாட்டு உடையின் மடிப்புக் கலைவதைப் பொருட்படுத்தாமல் குமரப்பா அச்சாணத் தரையிலேயே அமர்ந்தார். ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டும் அதில் ஏறவில்லை. கட்டுரை காந்தியடிகளின் யங் இந்தியா இதழில் தொடராக வெளிவந்தது.

காந்தியடிகள் அவருக்கு இட்ட முதல் பணி, குஜராத்தில் கேடா மாவட்டத்து மாத்தர் வட்டத்தின் கிராமங்களை ஆராய்வது. குஜராத்தி மொழியே தெரியாது என்று தயங்கியவர், குஜராத் வித்யாபீட மாணவர்களைத் துணைக்கொண்டு வீடு வீடாகச் சென்று வரவு செலவு எடுத்தார். நாற்காலியில் அமர்ந்து பேரேடு பார்த்த கணக்கர், இப்போது களத்து மேட்டில் நின்று கணக்குப் பார்த்தார். உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியதும் யங் இந்தியாவின் ஆசிரியப் பொறுப்பு அவரிடம் வந்தது. சிறையும் வந்தது. அதே 1930இல், அறவழியில் போராடுவோர்மீது நடக்கும் தடியடியைத் திருச்சபை கண்டிக்க வேண்டும் எனக் கல்கத்தாவிலிருந்த ஆங்கிலிக்கன் பேராயருக்குக் கடிதம் எழுதினார். மனம் நிறைவடையும் விடை கிடைக்கவில்லை. எனினும் அவர் தம் கிறிஸ்தவப் பற்றை விடவில்லை. இயேசுபெருமானின் வாழ்வையும் போதனையையும் பற்றிப் பின்னர்ச் சிறையிலிருந்தே ஒரு நூல் எழுதினார்.

குமரப்பா எப்படிப்பட்ட கணக்கர் என்பதற்குப் பீகார் நிகழ்ச்சி ஒன்றே போதும். 1934 ஜனவரி 15இல் பீகாரைப் பெரும் பூகம்பம் சிதைத்தது. இராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரணக் குழு அமைந்தது. அதன் நிதிப் பொறுப்பு குமரப்பாவிடம் ஒப்படைக்கப்பட்டது. தொண்டர் ஒருவரின் ஒருநாள் உணவுக்கு 3 அணா என்று அவர் வரையறுத்தார். குழுக் கூட்டத்திற்காகக் காந்தியடிகளும் அவர் பரிவாரமும் வந்திறங்கினர். பாலும் பழமும் மோட்டார் வண்டிக்குப் பெட்ரோலும் 3 அணாவில் அடங்குமா? நிவாரண நிதியிலிருந்து அச்செலவைக் கொடுக்க இயலாது என்று காந்தியடிகளின் செயலாளர் மகாதேவ தேசாயிடம் குமரப்பா தெரிவித்துவிட்டார். செய்தி காந்தியடிகளுக்குச் சென்றது. காரணம் கேட்டார். வீடிழந்தவர்களுக்காக மக்கள் தந்த பணத்தை வேறு வகையில் செலவிடத் தமக்கு உரிமையில்லை என்று குமரப்பா விளக்கினார். காந்தியடிகள் அதை ஏற்றுத் தம் குழுவின் செலவைத் தாமே பார்த்துக்கொள்ளச் செய்தார். குமரப்பாவின் நாக்குக் கூர்மையானது, கோபமும் சட்டென்று வரும் என்று அவருடன் பழகியோர் சொல்வதுண்டு. நம் பள்ளியில் ஆசிரியராக இருந்திருந்தால் வீட்டுப்பாடம் எழுதாதவர் பாடு திண்டாட்டம்தான்.

அதே ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றிற்று. குமரப்பா அதன் செயலாளர். ஜம்னாலால் பஜாஜ் தந்த தோட்டமும் கட்டடமும் சங்கத்தின் இருப்பிடமாயின. மறைந்த மகன்லால் காந்தியின் நினைவாக அவ்விடத்திற்கு மகன்வாடி என்று பெயரிட்டனர்.

மகன்வாடியில் நடந்தது வெறும் பிரசாரமன்று, ஆராய்ச்சி. செக்கின் அமைப்பைத் திருத்தி, மாட்டுக்குச் சிரமம் குறைந்து எண்ணெய் கூடுதலாக இறங்கும்படி செய்தனர். உவர்மண்ணிலிருந்து சவர்க்காரம் காய்ச்சினர். தேனீ வளர்த்தனர். பனஞ்சாற்றிலிருந்து வெல்லம் காய்ச்சும் முறையைச் செம்மை செய்தனர். கழிவுப் பொருள்களைக் கூழாக்கிக் கையால் காகிதம் செய்தனர். சங்கத்தின் வெளியீடுகள் பல அக்காகிதத்திலேயே அச்சாயின. மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் விளக்கொன்றை உருவாக்கி அதற்கு மகன்தீபம் என்று பெயர் வைத்தனர். வேட்டியும் பைஜாமாவும் கலந்தாற்போன்ற ஓர் உடையைக் குமரப்பா தாமே வகுத்து உடுத்திக்கொண்டார். அழகாக இருந்தது என்று சொல்வதற்கில்லை, துணி மிச்சமானது.

அரிசியைப் பற்றி அவர் நடத்திய போர் பெரிது. ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசியில் தவிடும் முளையும் போய்விடுகின்றன. அவற்றோடு தயாமின் என்னும் உயிர்ச்சத்தும் போய்விடுகிறது. அச்சத்துக் குறைந்தால் பெரிபெரி என்னும் நோய் வரும் என்பது அறிவியல் கண்ட உண்மை. கைக்குத்தலரிசி உடலுக்கு நல்லது. குத்தும் பெண்ணுக்குக் கூலியும் கிராமத்திலேயே தங்குகிறது என்பது அவர் வாதம். இதில் ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. உலக்கை பிடித்த நம் பாட்டிமாரைக் கேட்டால், ஆலை வந்தபோது தங்கள் தோள் பெற்ற நிம்மதியை அவர்கள் மறைக்கமாட்டார்கள். குமரப்பாவின் சங்கமும் பழைய உரலே போதும் என்று இருந்துவிடவில்லை, கருவிகளைத் திருத்தத்தான் முயன்றது. ஆனாலும் அந்த முயற்சி ஆலைகளின் வேகத்திற்கு ஈடுகொடுக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1936இல் கிராம இயக்கம் எதற்கு என்னும் பொருளில் ஓர் ஆங்கில நூல் எழுதினார். கடைக்குச் சென்று ஒரு டப்பா கோக்கோ வாங்குவது பற்றி அவர் அதில் தரும் விளக்கம் நம் மாணவியர் அனைவரும் அறியத்தக்கது. கடைக்காரரிடம் காசைக் கொடுத்தோம், டப்பா கைக்கு வந்தது, கணக்கு முடிந்தது என்று நாம் எண்ணுகிறோம். தணிக்கையாளரான குமரப்பா அங்கேதான் கணக்கைத் தொடங்குகிறார். கோக்கோ விளைந்தது மேற்கு ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரையில், அதாவது இன்றைய கானா நாட்டில். பறித்தவர் மனம் விரும்பிப் பறித்தாரா, கட்டாயத்தின் பேரில் பறித்தாரா? அது வந்த கடல்வழியைக் காத்து நின்றது பீரங்கி பொருத்திய கடற்படை. தொழிற்சாலையில் அதை அரைத்தவர்களுக்குக் கிடைத்த கூலி என்ன? அவர்களுள் குழந்தைகள் எத்தனை பேர்? நம் நாட்டுத் துறைமுகத்தில் அது குறைந்த சுங்கத்தோடு நுழைந்தது யாருடைய அதிகாரத்தால்? இத்தனை செயல்களுக்கும் டப்பாவை வாங்கியவர் தம் காசின் மூலம் ஆதரவு தந்துவிட்டார். திருட்டுப் பொருள் என்று தெரிந்தும் வாங்குபவர் திருட்டில் பங்கு கொள்வதைப் போன்றது இது. அறியாமல் வாங்கினேன் என்பதும் குமரப்பாவிடம் செல்லாது. விசாரிக்க வேண்டியது வாங்குபவரின் கடமை என்பார். உலகத்தின் மறுகோடியில் நடப்பதை விசாரிக்க நம்மால் ஆகாது. ஆகவே விசாரித்தறியக்கூடிய தூரத்தில் செய்த பொருளை வாங்குவதே தகும் என்பது அவர் முடிவு. கோக்கோத் தோட்டங்களில் குழந்தைகள் வேலை செய்யும் கொடுமை கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் இன்றளவும் முற்றிலும் ஒழிந்தபாடில்லை. இதை அறிந்தபின் மிட்டாய்க் காகிதத்தைப் பிரிக்கும்போது குமரப்பா நினைவுக்கு வரத்தான் செய்வார்.

இந்த அளவுகோலை நம் மாவட்டத்தில் வைத்துப் பார்ப்போம். புதுக்கோட்டையிலிருந்து தஞ்சை செல்லும் சாலையில் ஆதனக்கோட்டை முந்திரிப் பருப்புக்குப் பேர்போனது. சாலையோரத்தில் பெண்கள் வறுத்து, உடைத்து, விற்பார்கள். விளைந்த காடும் பக்கம், வறுத்த கையும் கண்ணெதிரே. பணமும் வேறெங்கும் போவதில்லை. அதோடு கணக்கு முடிந்துவிட்டதா? முந்திரிக்கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் பொசுக்கும். வறுக்கும் புகை கண்ணைக் கெடுக்கும். அருகிலே செய்தது என்பதனாலேயே ஒரு பொருள் குற்றமற்றது ஆகிவிடாது. ஆனால் அருகிலே இருப்பதனால் அந்தக் கை நமக்குத் தெரிகிறது. அதற்கொரு உறை வேண்டும், புகை போக வழி வேண்டும் என்று கேட்க நமக்கு வாய்ப்பும் இருக்கிறது. ஆப்பிரிக்கத் தோட்டத்துக் கையைப் பற்றி அப்படிக் கேட்க இயலுமா? இதுதான் குமரப்பா அருகாமையை வலியுறுத்தியதன் உட்பொருள். நம் பக்கத்துச் சந்தைகளில் மண்சட்டியும் முறமும் ஓலைப்பெட்டியும் விற்கும் பெண்களிடம் யார் செய்தது, எங்கே மண் எடுத்தது என்று கேட்டால் உடனே விடை கிடைக்கும். அதே கேள்வியை மரச்செக்கு எண்ணெய் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டுப் பிளாஸ்டிக் புட்டியில் அடைத்து நெடுந்தொலைவிலிருந்து வரும் சரக்கிடம் கேட்டால், புட்டி பேசுமா?

வெள்ளையனே வெளியேறு போராட்டத்தை ஒட்டி மீண்டும் சிறை சென்ற குமரப்பா, ஜபல்பூர்ச் சிறையில் தம் தலைசிறந்த நூலை எழுதினார். நிலைத்த பொருளாதாரம் என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். அவர் உடல்நலம் கெட்டு விடுதலையான 1945இல் அது வெளிவந்தது. இயற்கையின் செல்வத்தை அவர் இருவகையாகப் பிரித்தார். நிலக்கரி, பெட்ரோலியம், கனிமங்கள் ஆகியவை பத்தாயத்து நெல் போன்றவை. எடுக்க எடுக்கக் குறையும். ஓடும் ஆறும் தழைக்கும் மரமும் நாள்தோறும் வரும் வருமானம் போன்றவை. அளவோடு எடுத்தால் தொடர்ந்து வரும். முன்னதை நம்பி வாழும் நாடுகள் என்றேனும் அதற்காகப் போரிட்டே தீரும் என்று அவர் அஞ்சினார். மகன்தீபத்திற்கு மண்ணெண்ணெய் ஏன் ஆகாது என்பது இப்போது விளங்குகிறதல்லவா? உயிர்கள் பிழைக்கும் வழிகளையும் அவர் தரம் பிரித்தார். அடித்துத் தின்னும் புலி அடிநிலை. தான் நடாத மரத்தின் கனியைப் பறிக்கும் குரங்கு அடுத்தது. தன் கூட்டைத் தானே கட்டும் பறவை அதனினும் மேல். கூட்டத்திற்காகத் தேன் சேர்க்கும் தேனீ இன்னும் மேல். பயன் கருதாமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவையே உச்சி. மனிதன் எந்தப் படியில் நிற்கிறான் என்பதை அவனவன் வாங்கும் பொருளே காட்டும் என்பது குமரப்பாவின் எண்ணம். காந்தியடிகள் இந்நூலுக்கு முன்னுரை வழங்கினார். குமரப்பாவைக் கிராமத் தொழில்களின் டாக்டர் என்று அழைத்துப் பட்டமும் சூட்டினார். எந்தப் பல்கலைக்கழகமும் தராத பட்டம் அது.

சுதந்திரம் வந்தது. ஆனால் குமரப்பா எதிர்பார்த்த பாதையில் நாடு செல்லவில்லை. 1938இல் நேரு தலைமையில் அமைந்த தேசியத் திட்டக் குழுவில் இடம்பெற்றபோதே, பெருந்தொழில் மோகத்தோடு ஒத்துப்போக முடியாமல் விரைவில் விலகியவர் அவர். 1948இல் காங்கிரஸ் அமைத்த நிலச்சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்று, உழுபவர்க்கு நிலம் சேர வேண்டிய வழிகளை 1949இல் விரிவாக எழுதிக் கொடுத்தார். அறிக்கையின் பெரும்பகுதி ஏட்டளவில் நின்றது. அணைகளும் உருக்காலைகளும் எழுந்தன. வயலில் டிராக்டர் இறங்கியபோது, இந்த இயந்திரம் வேலை செய்யுமே தவிர எருப் போடுமா என்று அவர் கேட்டார். பலர் சிரித்தனர். மண்ணின் வளம் குன்றுவது பற்றி இன்று விவசாயிகள் வருந்துவதைக் கேட்கும்போது அக்கேள்வி சிரிப்புக்குரியதாகத் தோன்றவில்லை. ஆயினும் பஞ்சத்தோடும் வறுமையோடும் போராடிய ஒரு புதிய அரசுக்கு அவர் காட்டிய வழி மெதுவானதாகத் தோன்றியிருக்கும் என்பதையும் நாம் மறுக்க முடியாது.

இரத்த அழுத்த நோய் அவரை வாட்டியது. 1953இல் தமிழகம் திரும்பி, தே. கல்லுப்பட்டியில் வெங்கடாசலபதி 1940இல் தோற்றுவித்த காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். திருமணம் செய்துகொள்ளவில்லை, சொத்தென்று ஏதும் சேர்க்கவில்லை. அவர் குடிலின் சுவரில் படங்கள் இருந்தன. ஒன்று காந்தியடிகளுடையது. அது யார் என்றால் தம் தலைவர் என்பார். மற்றொன்று பெயர் தெரியாத ஓர் ஏழைக் கிராமத்தானின் படம். அது யார் என்று கேட்பவர்க்கு, தம் தலைவருக்கும் தலைவர் என்று விடை சொல்வாராம்.

1960ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், தம் 68ஆம் வயதில் குமரப்பா காலமானார். 13 ஆண்டுகள் சென்றபின், 1973இல், சிறியதே அழகு என்னும் பொருளுடைய நூலொன்று லண்டனில் வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்டது. எழுதியவர் ஷூமாக்கர், பிரிட்டனின் நிலக்கரி வாரியத்தில் 20 ஆண்டுகள் ஆலோசகராக இருந்தவர். குமரப்பா சொன்ன பத்தாயத்திற்கே காவலிருந்தவர் எனலாம். அந்நூலில் அவர் எடுத்துக்காட்டும் அறிஞர்களுள் கல்லுப்பட்டியில் வாழ்ந்த நம் தமிழரும் ஒருவர்.

காந்தி நிகேதன் ஆசிரமத்தைப் பார்க்க விரும்பும் மாணவியர் கோடை விடுமுறையில் பெற்றோருடன் சென்று வரலாம். நம் ஊரிலிருந்து மதுரைக்குப் பேருந்து. அங்கிருந்து திருமங்கலம் வழியாக இராஜபாளையம் செல்லும் வண்டியில் ஏறி, கல்லுப்பட்டி என்று சீட்டுக் கேட்க வேண்டும்.